நான் இல்லாத நேரத்தில் நின்றுபோனது

வேலை செய்துகொண்டிருக்கும்போது அது ஒருநாளும் நிற்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இதைத்தான் நான் அப்போது யோசிக்கத் தவறினேன். கல்யாண வீடியோ ஒன்றை நாலு மணி நேரம் விடாமல் அரைத்துக்கொண்டிருந்தபோதும், சித்திரை வெயில் கான்கிரீட் கூரை வழியாக இறங்கி அறையை அடுப்பாக்கியிருந்தபோதும், என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போனால் நின்றது. சாப்பிடப் போனால், குளிக்கப் போனால், பந்தல்குடியில் ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கப் போனால் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்கும், அப்போதுதான் பிறந்தது போன்ற முகத்தோடு. திறந்து வைத்துவிட்டுப் போன வேலை போயிருக்கும். தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதி நடுநடுவே இடறுகிறது என்று அதை நிறுத்தி வைத்திருந்தவனும் நான்தான்.

அந்த நேரங்களில் வீட்டில் இருந்தது என் அக்கா ஒருத்திதான்.

அருப்புக்கோட்டையில், தறிச் சத்தம் நிற்காத ஒரு தெருவில், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மனைவி மில் ஆபீஸில் கணக்கெழுதுகிறாள். காலையில் போனால் பொழுதடையத்தான் வருவாள். அத்தான் இறந்த பிறகு, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, பரளச்சியில் தனியாக இருந்த அக்காவை நானே போய்க் கூட்டிவந்தேன். "இனிமே இது ஒன் வீடுக்கா" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். அந்தச் சொல் உண்மைதான். பின்னால் நடந்ததும் உண்மைதான். ஒரே ஆள் வாயிலிருந்து இரண்டும் எப்படி வந்தன என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

புராசஸரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டுவது, எனக்கு ஒரு பித்தாக இருந்தது. வேகம் கூட்டினால் வோல்டேஜும் கூட்டிக் கொடுக்க வேண்டும். முதலில் ஒரே அளவாக, உச்சத்திலேயே நிறுத்தி வைத்தேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வோல்டேஜ். சும்மா திரையில் ஒரு பூப்படம் நிற்கும்போதும், மூட்டை தூக்குகிறவனைப் போல அது மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. விசிறி சுற்றும், பெட்டியின் முதுகில் கை வைத்தால் சுடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் ஒன்றுதான். கரண்டு போனால் என் கம்ப்யூட்டரும், அக்கா படுக்கிற அறைக் காத்தாடியும் அதில்தான் ஓட வேண்டும். அந்தக் கோடையில் மத்தியானம் கரண்டு போனால் வர நேரமாகும். காத்தாடி தளர்ந்து நிற்கும். அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, "ஒன் பொட்டி எல்லாத்தையும் குடிச்சிருதுப்பா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அதனால் மாற்றினேன். வேலை இல்லாதபோது வோல்டேஜ் தானே இறங்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது போதாதென்று, எல்லா நிலையிலும் வோல்டேஜில் கொஞ்சம் கழித்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். பிளக்கில் மாட்டிய சின்ன மீட்டரில் எண் இறங்க இறங்க எனக்குள் எதுவோ ஏறியது. அக்காவின் காத்தாடிக்காகச் செய்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். பாதிதான் அது. மீதிப் பாதி அந்த எண்ணுக்காக. இன்னும் ஒரு படி இறக்க முடியுமா, இன்னும் ஒரே ஒரு படி. இறக்கிவிட்டு, முழு வேலைப் பாரத்தையும் ஏற்றி ஒரு பகல் முழுக்க ஓட்டிச் சோதித்தேன். தாங்கியது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறையை விட்டு வெளியே கால் வைத்தால் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் வைப்பாள். பரளச்சிப் பக்கம் எல்லோரும் அப்படித்தான். லைனில் வோல்டேஜ் எப்போது சரியும், எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. ஓடவிட்டுப் போனால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். இடி இடித்தால் கேட்கவே வேண்டாம். கை அதுவாகச் சுவரைத் தேடும். வந்த முதல் வாரத்தில் ஒருமுறை என் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வந்து நின்றாள்.

"தம்பி, தெரியாம ஒன் பொட்டிய அமத்திப்புட்டேன். செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு, வீணா ஓடுதேன்னு அமத்துனேன். அப்புறந்தான் ஒன் வேலை நெனப்பு வந்துச்சு. என்னமும் போயிருச்சாப்பா?"

எதுவும் போகவில்லை. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். செய்ததை, நான் கேட்கும் முன்பே வந்து சொன்னாள். இதுதான் பின்னால் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டியது. வரவில்லை. அவள் சுவிட்சை அணைக்கிறவள் என்பது மட்டும் மனதில் தங்கியது.

வைகாசியில் தொடங்கியது. முதல் இரண்டு முறை பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை, ஒரு கல்யாண ஆல்பத்தின் பாதி வேலை போயிற்று. அக்கா கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முன்ரூமுக்கு வந்தியா?"

"கூட்ட வந்தேன்."

"சுவிச்சத் தொட்டியா?"

"தொடலப்பா."

"தொடாம எப்படி நிக்கும்?"

"நான் என்னத்தக் கண்டேன். பேயி வந்து அமத்துச்சோ என்னமோ. வேப்பிலை கட்டு."

அவள் விளையாட்டாகப் பேசியது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கரண்டு நின்று திரும்ப வந்தால் கம்ப்யூட்டர் தானே எழுந்துகொள்ளும்படி நான் செய்து வைத்திருந்தேன். ஆக, யாரோ அணைத்துவிட்டு, பயந்துபோய் மறுபடி போட்டிருக்கிறார்கள். என் கணக்கு கச்சிதமாக இருந்தது.

"அமத்திட்டு, திரும்பப் போட்டுட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கா?"

விளக்குமாறு நின்றது.

"ஏலே, நான் பொய் சொல்றவளாலே?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

இதைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சுவிட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டினேன். பக்கத்தில் ஓர் அட்டையில் சிவப்பு மையால் "தொடாதே" என்று எழுதி மாட்டினேன். அக்கா அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அந்த அட்டையை அவள் வாசித்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு முன்னறைக்கு அவள் கூட்ட வரவே இல்லை. வாசற்படி வரைக்கும் விளக்குமாறு வரும், திரும்பிவிடும். கம்ப்யூட்டர் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. நானும் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி, அவளைப் பார்க்காமல்.

புரட்டாசியில் ஒருநாள் காலை துணிப்பையோடு நின்றாள். "காட்டுல உளுந்து வெதைக்கணும்னு கொழுந்தன் ஆள் இல்லாம தவிக்கிறாக. போய்ப் பாத்துட்டு வாரேன்." மனைவி பையைப் பிடித்து இழுத்தாள். நான், "சரிக்கா, பஸ்ஸு ஏத்தி விடவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது தொட்டுப் பார்க்கக் கூசுகிறது.

ஐப்பசியில் திருச்சுழியில் ஒரு கல்யாணம். மனைவியும் நானும் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனோம். போகும்போது ஒரு வேலையைத் திறந்தே விட்டிருந்தேன். இனிமேல்தான் பயமில்லையே. மத்தியானம் திரும்பிப் பூட்டைத் திறந்தால், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது.

பட்டுச் சேலையை மாற்றாமலே மனைவி என் பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். டேப் பிரியாமல் ஒட்டியிருந்த சுவிட்சைப் பார்த்தாள்.

"ஏங்க, மதினி பரளச்சியிலருந்து வந்து அமத்திட்டு, பூட்டிட்டுப் போயிட்டாகளோ?"

அப்படிக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் தனக்கு நேர்வதையெல்லாம் உள்ளே நாளும் நேரமும் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். அதை நான் அதுவரை திறந்ததில்லை. யாரையாவது குற்றம் சொல்ல முடிகிற வரைக்கும் யார் திறக்கிறார்கள்? வரிசையாக இருந்தது, வைகாசியிலிருந்து. எல்லாமே வேலை ஓடாத நேரங்கள். அதில் ஒன்று ஆடி மாதத்து ஞாயிறு. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தோம். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் நின்றிருந்தது. அன்று வந்ததும் அவளைத்தான் முறைத்தேன், கிளம்பும்போது அணைத்துப் போட்டிருப்பாள் என்று.

காரணம் சின்னது. பாரம் ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு உண்டு. அதை நான் உயர்த்தி வைத்திருந்தேன். அதனால் பாரத்தில் பிழைத்தது. வேலை ஓய்ந்ததும் வோல்டேஜ் தானாகவே அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த அடிமட்டத்திலிருந்தும் நான் கழித்திருந்தேன். உயிரைப் பிடித்துவைக்கவும் போதாமல், ஓய்விலேயே அது விழுந்து, தானே மறுபடி எழுந்துகொண்டது. உழைக்கும்போது தாங்குமா என்று ஒரு பகல் முழுக்கச் சோதித்தவன், சும்மா இருக்கும்போது தாங்குமா என்று ஒரு மணி நேரம் சோதிக்கவில்லை.

கழித்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் முழுக்க மவுசைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு, தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. மீட்டரில் எண் இரண்டு மூன்று வாட் கூடியிருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று வாட்டுக்கு அக்காவின் காத்தாடி எத்தனை சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருக்கும்?

கார்த்திகையில் பரளச்சிக்குப் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். தனியாகச் சொன்னால் அது மன்னிப்பாகாது, நாலு பேர் முன்னால் தலை குனிந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வீரத்தை ஏற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்னால், மழைவிட்ட வெயிலில் படுதா விரித்து, போன வெள்ளாமை மிளகாய் வத்தல் காய்ந்தது. அக்காவும், அவள் ஓரகத்தியும், அதாவது அவள் கொழுந்தன் மனைவியும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா முகம் மலர்ந்து எழுந்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போகும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, நீ அமத்தல. தப்பு எம்மேலதான். கம்ப்யூட்டர் தானா நின்னுருக்கு. ஒன்னய அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன்."

"என்னத்த அமத்தல?" என்றாள் ஓரகத்தி.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வோல்டேஜ், டேப், "தொடாதே" அட்டை, பூட்டிய வீடு, ஒன்றுவிடாமல். என்னை எவ்வளவு தாழ்த்திக்கொள்ள முடியுமோ அவ்வளவு தாழ்த்திக்கொண்டேன். அக்கா என்னைக் கண்ணால் நிறுத்தப் பார்த்ததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆத்தாடி!" ஓரகத்தி கையை மோவாயில் வைத்தாள். "அதுக்குத்தான் வந்தாகளா? டவுனுத் தண்ணி சேரல, மூட்டுவலின்னுல சொன்னாக. தம்பி வீட்ல தங்கத்தட்டுல தாங்குறாகன்னுல தெருவெல்லாஞ் சொல்லிக்கிட்டு இருந்தாக!"

மற்ற இருவரும் குனிந்து காம்பு கிள்ளினார்கள். ஒருத்தியின் தோள் குலுங்கியது.

உள்ளே அக்கா எனக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். அப்பளத்தை ஓரத்தில் வைத்தாள்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"நாலு பேரு முன்னாடி சொன்னாத்தானக்கா..."

"நீ என்னய நாலு பேரு முன்னாடியா பேசுன? நம்ம வீட்டுக்குள்ளதான பேசுன. இங்க ஒருத்திக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

தட்டைத் தள்ளிவைத்தேன். "வாக்கா, இப்பவே போவோம். பைய எடு" என்றேன்.

"இப்ப ஒங்கூட வந்தா, 'தம்பி வெரட்டுனான், வந்தா; கூப்பிட்டான், ஓடுறா'ன்னு ஓரகத்தி சொல்லுவா. நல்லது பொல்லாததுக்கு வாரேன். தங்குறதுக்கு வேணாம்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்து இழுக்க ஏதாவது கிடைத்திருக்கும். "சாப்பிடு. மூணு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் நேரமாயிரும்."

வெளியே வந்தபோது பேச்சு சட்டென்று நின்றது. செருப்பை மாட்டினேன்.

"போய்ட்டு வாங்கண்ணே" என்றாள் ஓரகத்தி. "பொட்டியப் பத்திரமாப் பாத்துக்கங்க."

இந்த முறை மூன்று பேருமே சிரித்தார்கள். நான் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் படுதாவில், அவர்கள் நடுவில் மறுபடி உட்கார வேண்டியவள் அக்கா.