முதல் வரிசையில் பால்கனி அக்கா

சுவரொட்டியின் மூலை பெயர்ந்து காற்றில் படபடத்தால், அதைத் தாண்டிப் போக அவருக்குக் கால் வராது. கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டைவிரலால் அந்த மூலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி நிற்பார். பசை காய்ந்து போயிருந்தால் விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி மறுபடியும் அழுத்துவார். தையல் வகுப்புக்கும் மூட்டுவலி எண்ணெய்க்கும் இந்த உபசாரம் கிடையாது. நாடக விளம்பரத்துக்கு மட்டும்தான். "பாவம், வெயில்ல நின்னு ஒட்டியிருப்பாங்க. நாம ஒரு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சு போயிடும்" என்பார், யாரும் கேட்காமலே.

வயது அறுபதை நெருங்குகிறது. குளிர்பானம் நிரப்பும் ஆலையில் வேலை. ஓடும் பட்டையில் வரிசையாக வரும் கண்ணாடி பாட்டில்களை வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்து, கீறல் விழுந்ததையும் அழுக்குப் படிந்ததையும் எடுத்துத் தள்ள வேண்டும். பாட்டிலும் பாட்டிலும் இடித்துக்கொண்டு போகும் சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் கையால்தான் சொல்ல வேண்டும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். வியர்வையில் ஊறி அரிக்கிறது என்று அவர் வைத்துக்கொண்டதே இல்லை.

வாரம் முழுக்க இந்த இரைச்சலைத் தின்றுவிட்டு, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முகம் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவார். "இந்த ஊர்ல நடக்காம பஸ்ஸுலயே போறவங்க வீட்டுக்குள்ளயே படுத்திருக்கலாம்" என்பது அவர் கட்சி. விளக்குக் கடைத் தெருவில் பட்டப்பகலில் எரியும் அத்தனை விளக்குகளையும் வேடிக்கை பார்ப்பார். ரயில் நிலையத்துக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்காருவார். யாரையாவது அழைத்துப்போக வந்தீர்களா என்று கேட்டால், "இல்லப்பா, சும்மா வர்றவங்களப் பாக்க வந்தேன்" என்பார். பெட்டியும் கையுமாக எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழிப்பவர்கள் கிடைத்தால் அன்றைக்கு அவருக்கு யோகம். தெரு முனை வரை கூடவே நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். வழியில் இருக்கும் கட்டடங்களைப் பற்றி, அவை என்னவோ தன் நாத்தனார் வீடு மாதிரி, நல்லதும் கெட்டதுமாகச் சொல்லிக்கொண்டே போவார்.

மாலை நாடகம். நகரத்தின் பழைய அரங்கம் அது. மின்விசிறிகள் முனகும். நாற்காலிகளில் பாதி நொண்டி. ஆறேழு குழுக்கள் மாறி மாறி அங்கே மேடையேறுகின்றன. எந்தக் குழு என்றாலும் மாடியில் ஓரத்து நாற்காலி அவருடையது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர்தான் முதலில் அவரை 'பால்கனி அக்கா' என்று கூப்பிட்டவர். பிறகு நடிகர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். டிக்கெட் மலிவு என்பது ஒரு காரணம். அவர் சொல்லும் காரணம் வேறு. "கீழ உக்காந்தா நாடகம் மட்டும்தான் தெரியும். மேல உக்காந்தா ஊரே தெரியும். யாரு அழறாங்க, யாரு தூங்கறாங்க, எல்லாம் பாக்கலாம்."

தூங்கியவர்களில் அவர் கணவரும் ஒருவர். உயிரோடு இருந்தவரை மனைவிக்காகத் தவறாமல் வந்தார். விளக்கு அணைந்ததும் தூங்குவார், கைதட்டலில் விழிப்பார், தானும் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அவர் போன பிறகு, ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, அக்கா தனியாகவே வந்தார். தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

காது போக ஆரம்பித்தபோது அவர் நடிகர்களைத்தான் திட்டினார். "இப்ப வர்றவங்களுக்கு வாயத் திறந்து பேசவே தெரியல. எல்லாத்தையும் உள்ளயே வச்சு மெல்லறாங்க" என்று வாசல்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் மாடியிலிருந்து இறங்கி நடு வரிசைக்கு வந்தார். அப்புறம் முதல் வரிசைக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா, பால்கனி கீழ இறங்கிடுச்சு?" என்றார் வாசல்காரர்.

"முட்டி வலிப்பா. படி ஏற முடியல."

அது பொய். வீட்டில் மூன்று மாடி ஏறித்தான் அவர் தன் ஒற்றை அறைக்குப் போக வேண்டும். ஆனால் அவரே அந்தப் பொய்யை நம்பத் தொடங்கியிருந்தார். ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியும் எழுந்திருக்காமல் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவரின் தோளை ஒருத்தி தொட்டபோதுதான் அவருக்கு உண்மை உறைத்தது. டாக்டரிடம் போனார். நரம்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் திரும்பி வராது, கருவி கொஞ்சம் உதவும் என்றார் டாக்டர். கருவி உதவியது, எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி. மின்விசிறி முனகலும் பின்வரிசை இருமலும் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் ஓசையும் நடிகரின் குரலும் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் கொட்டின. ஒரே வாரத்தில் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. எப்போதும் சிரிக்க வைக்கும் நடிகர் ஒருவர் முதல்முறையாகத் துயரமான வேடம் ஏற்றிருந்தார். கொடியில் தொங்கும் சட்டையின் பையை அவர் தடவித் தடவிப் பார்க்கிறார், உதடு கோணுகிறது. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடும் அவருடைய பழைய வேடிக்கைதான் இது என்று அக்கா நினைத்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பு பெரிய சிரிப்பு. அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடையில் அந்த நடிகரும் ஒரு கணம் அவரைப் பார்த்தார். அது இறந்துபோன மகனின் சட்டை. தன் பிள்ளை கடைசியாகத் தொட்ட பை அது என்று தகப்பன் சொல்லிக்கொண்டிருந்த இடம்.

பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. விளக்கு எரியும்வரை மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, கை தட்டாமல், யார் கண்ணிலும் படாமல் வெளியேறினார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஆலை வாசலிலிருந்து நேரே வீட்டுக்குப் போனார். பஸ்ஸிலேயே போனார். வழியில் சுவரொட்டிகள் படபடத்தன. அவர் ஜன்னல் பக்கம் உட்காராமல் பார்த்துக்கொண்டார். மகள் போனில் பேசியதில் பாதி விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். இங்கே வந்து இரு என்று அவள் கூப்பிட்டதற்கும் அப்படித்தான் ஒரு சரி விழுந்திருக்க வேண்டும். மகள் வீட்டில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஆலை வாசலில் அந்த நாடகக் குழுவின் கதாநாயகி நின்றுகொண்டிருந்தார். பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். அந்த நீல மேலங்கியோடே வந்திருந்தார்.

"ஏங்க்கா, எங்க மேல என்ன கோவம்?" என்றார்.

அக்கா நடந்துகொண்டே இருந்தார். நடிகை குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"நீங்க சிரிச்சதுல இருந்து அவரு சரியாத் தூங்கறதில்ல. இத்தன வருஷமா நாடகம் பாக்கற அக்காவே சிரிச்சுட்டாங்கன்னா என் நடிப்புதான் சரியில்லன்னு சொல்லிட்டு இருக்காரு. அந்த வேஷத்த வேற யாருக்காவது குடுத்துடுங்கங்கறாரு."

இதில் எவ்வளவு விளங்கியதோ, 'சிரிச்சுட்டாங்க' என்பதும் 'வேஷத்த' என்பதும் உதட்டிலிருந்து புரிந்தன. அக்கா நின்றுவிட்டார். ஆலையிலிருந்து வெளியே வந்த பெண்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அவரு மேல தப்பில்லம்மா" என்றார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "எனக்குக் காது கேக்கல. கேக்கவே இல்ல."

அதுவரை மகளிடம்கூடச் சொல்லாததை அவர் நடுத்தெருவில் சொல்லிவிட்டார். நடிகை அக்காவின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "இத நீங்களே அவர்கிட்ட வந்து சொல்லுங்க."

ஒத்திகை ஒரு காலி கிடங்கின் மாடியில் நடந்தது. அக்கா அந்த நடிகரிடம் போய்ச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒத்திகையில் விளக்கு அணைப்பதில்லை, எல்லா முகமும் தெரிந்தது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வசனம் பேசுகிறவரின் வாயையே உற்று உற்றுப் பார்த்துக் கண் வலித்தபோது, வேறு எங்கேயாவது பார்ப்போம் என்று பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த நடிகையைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடிக்க எல்லோரும் கலைந்தபோது அவரிடம் போய், "நீ பேசாம நிக்கறப்பதான் எனக்கு எல்லாம் புரியுது" என்றார்.

இப்போது அவர் மறுபடியும் சனிக்கிழமைகளில் வருகிறார். எல்லாம் புரிந்துவிடுகிறது என்றில்லை. "பாதி புரியும். மீதிய நானே போட்டுக்குவேன். சில நாள் நான் போட்டதுதான் நல்லா இருக்கும்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிப்பதற்கு முன்னால் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். அது புதிய பழக்கம். தெருவைக் கடக்கும்போது யாராவது கடக்கட்டும் என்று காத்திருந்து, முன்பின் தெரியாதவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே கடப்பது இன்னொரு புதிய பழக்கம். பிடித்துக்கொள்ள யாரும் இல்லாத ஒரு நாளில், பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் ஹாரன் கேட்காமல் கீழே விழுந்து இடது கை முழுக்கச் சிராய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கைக்கட்டைப் பார்க்கத்தான் மகள் வந்தாள். வந்தவள் திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். பெட்டிகூடக் கட்டிவிட்டாள். அரங்கத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்து அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று மகள் சத்தமாகப் பேச, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இன்னிக்கு வண்டி, நாளைக்கு பஸ்ஸு. யாராவது எனக்கு போன் பண்ணிச் சொல்ற வரைக்கும் நான் அங்க காத்துட்டு இருக்கணுமா?"

"கத்தாதடி. மெதுவாச் சொல்லு, உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கறேன்."

மகள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கும்மா."

அக்காவுக்கு அது புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் பயம்தான். ரோட்டுல இறங்கறப்பல்லாம் பயம். ஆனா உன் வீட்டுல நான் ஜன்னல் வழியா என்னத்தடி பாப்பேன்? அடுத்த வீட்டுச் சுவரத்தான பாப்பேன். ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

மகள் எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தாள். கடைக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு அங்கேயே முதுகு காட்டி நின்றாள், கண்ணைத் துடைத்தாள். வாசல்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கையைக் காட்டினார். சாலை நிறைய வண்டிகள். அக்கா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இருவரும் கடந்து உள்ளே போனார்கள்.

முதல் வரிசை. வீட்டைப் பாகம் பிரிக்கும் கதை. மூத்த அண்ணன் மேடையின் நடுவில் நின்று, யாருக்கு எந்த அறை என்று கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் கதவோரம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு, அவர் மனைவியாக அந்த மருந்துக்கடை நடிகை. நடிகைக்கு அந்தக் காட்சியில் வசனமே இல்லை. மகள் அம்மாவின் காதருகே குனிந்து, அண்ணன் என்ன சொல்கிறார் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா தலையை அசைத்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கி, இரண்டு விரல்களை மகளின் மோவாயில் வைத்து, பேசிக்கொண்டிருந்தவரிடமிருந்து அந்த முகத்தை மெல்லத் திருப்பி, துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றவளின் பக்கம் பார்க்க வைத்தார்.