இண்டையான் அம்மா

இரண்டு வருடத்துக்கு முந்தி நடந்தது இது. தெல்லிப்பழைக்கும் அளவெட்டிக்கும் நடுவில், எங்கள் ஊர் முன்பள்ளியில். மகளுக்கு அப்போது நாலு வயது.

அதற்கு முந்தைய வருடம்தான் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். எங்களுக்கு வெங்காயத் தோட்டம். இரண்டு போகம் அடுத்தடுத்து மழையில் அழுகிவிட்டது. உண்மையில் நான்தான் வெளிநாடு போவதாக இருந்தது. எனக்குச் சரிவராத விசா அவளுக்குச் சரிவந்தது. அவள் போனாள், நான் தோட்டத்தோடும் பிள்ளையோடும் நின்றுவிட்டேன். சமைக்கப் பழகினேன் என்று சொல்லமாட்டேன். இருவரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த முன்பள்ளியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் தாய் முறை வைத்து வருவார். எல்லாப் பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, பள்ளி விடும்வரை ரீச்சருக்கு உதவியாக நிற்பார். மட்டையில் பூப்போல வெட்டி, நடுவில் ‘இன்றைய அம்மா’ என்று எழுதிய அட்டை ஒன்றை அவருக்குக் குத்திவிடுவார்கள். பிள்ளைகளின் வாயில் அது ‘இண்டையான் அம்மா’. இண்டையான் பேப்பர், இண்டையான் மீன் என்று நாங்கள் சொல்வதில்லையா, அப்படி. அன்று முழுக்க எல்லாருக்கும் அவர்தான் அம்மா.

ரீச்சர் நல்ல மனம் உள்ளவர். எங்கள் வீட்டு நிலைமை தெரிந்து, எங்கள் முறை வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் அடுத்த பிள்ளைக்குத் தாண்டிவிடுவார். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஒருநாள் பின்னேரம் நான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றேன். வரம்பில் குந்தியிருந்த மகள் திடீரென்று கேட்டாள்.

“அப்பா, எனக்கு அம்மா இல்லையோ?”

“இருக்கிறாதானே பிள்ளை. நேற்றும் போனிலை கதைச்சனீங்கள்.”

“அப்ப ஏன் எங்களுக்கு முறை வாறேல்லை? அம்மா இருக்கிற எல்லாருக்கும் வருது.”

தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்குள் போனதையும் நான் கவனிக்கவில்லை. அடுத்த நாளே ரீச்சரிடம் போய், “எங்கடை முறையையும் போடுங்கோ, நான் வாறன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சமாளிப்பியளோ அண்ணை?” என்று மட்டும் கேட்டார்.

அந்த நாளும் வந்தது. விடிய எழும்பிப் பயறு அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிரட்டி எடுத்தேன். மகள் என்னைச் சும்மா விடவில்லை. கலியாண வீட்டுக்குப் போடுகிற முழுக்கைச் சேட்டைத்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போட்டுக்கொண்டு போனேன்.

வகுப்புக்குள் கால் வைத்ததும் ஒரு பொடியன் எழும்பி நின்று என்னைக் காட்டிக் கத்தினான். “உவர் அம்மா இல்லை! உவருக்கு மீசை இருக்கு!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கையில் அட்டையோடு நின்ற ரீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பொறுங்கோ அண்ணை, ‘அம்மா’வை வெட்டிப்போட்டு ‘அப்பா’ எண்டு எழுதிவிடுறன்” என்று பேனையை எடுத்தார். மகள் ஓடிப்போய் அவருடைய சீலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் ரீச்சர்! அப்பா எண்டு எழுதினா எங்கடை அம்மாவின்ரை முறை இல்லாமல் போயிடும்!”

ரீச்சர் பேனையை மூடிவைத்தார். அட்டையை அப்படியே என் சேட்டில் குத்திவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு பார்க்கவேண்டுமே நான் பட்ட பாட்டை! முன்பள்ளி என்றால் பிள்ளைகள் விளையாடிவிட்டு வருகிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேவாரம் முடிய மணல் தட்டில் ‘அ’ எழுதினார்கள். புளியங்கொட்டை வைத்து எண்ணினார்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பூப் பூவாக அச்சுக் குத்தினார்கள். அதில் பாதி என் கலியாண வீட்டுச் சேட்டில். ஒன்றுக்கு மூக்குத் துடைத்துவிட இன்னொன்றுக்குச் சிலுப்பர் கழன்றுவிடும். “இண்டையான் அம்மா, இஞ்சை பாருங்கோ!” என்று நாலு பக்கத்தாலும் கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு என்னை அறியாமலே “என்ன குஞ்சு?” என்று திரும்பத் தொடங்கிவிட்டேன்.

குலைந்த தலைகளைக் கட்டிவிடுவதும் இண்டையான் அம்மாவின் வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயத்தைக் காயவிடப் பிடி பிடியாகக் கட்டுவதுதான். அப்படியே கட்டிவிட்டேன். பொம்பிளைப் பிள்ளைகளின் தலைமயிரெல்லாம் உச்சியில் குத்திட்டு நின்றது. ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இடைவேளையில் முற்றத்தில் ஓடின பொடியன் ஒருவன் தடக்கி விழுந்தான். என் மீசையைக் காட்டிக் கத்தின அதே ஆள்தான். முழங்காலில் இரத்தம். ரீச்சர் பக்கத்தில்தான் நின்றார். அவன் எழும்பி, “அம்மா... அம்மா...” என்று அழுதுகொண்டு நேரே ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மகள் வந்து அவனுடைய முதுகைத் தடவி, “அழாதை, அம்மா நிக்கிறாதானே” என்றாள். என்னைத்தான் சொன்னாள். அந்த நேரம் மனைவியின் நினைவு வந்தது. இந்தச் சத்தம், இந்த ஈரக் கை, இந்தச் சாயம் எல்லாம் அவளுக்குக் கிடைக்கவேண்டியவை. எங்கோ ஒரு வீட்டில் யாருடைய பிள்ளையையோ அவள் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.

பின்னேரம் அவள் போனில் வீடியோவில் கூப்பிட்டாள். மகள் என் கையிலிருந்து போனைப் பறித்து, கழற்றாமல் வைத்திருந்த அட்டையைக் காட்டினாள். பயறு, வெண்டிக்காய்ப் பூ, வெங்காயக் கட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். “அப்பாதான் இண்டையான் அம்மா!” என்றதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவோ நாள். சிரித்தபடியேதான் கேட்டாள்.

“அப்ப நான் ஆர் குஞ்சு?”

மகள் யோசிக்கக்கூட இல்லை. “நீங்கள் நாளையான் அம்மா.”

போனில் மனைவியின் முகம் மறைந்துவிட்டது. ஒரு வீட்டு முகட்டில் விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. “ஓம் பிள்ளை, ஓம்” என்ற குரல் மட்டும் வந்தது.

மகள் இப்போது முதலாம் வகுப்பு. அங்கே தாய்மாருக்கு முறை கிடையாது. மனைவியின் ஒப்பந்தம் இன்னொரு தடவை நீண்டிருக்கிறது. கதைக்கிறபோது இரண்டு பேரும் அழுகிற நாட்களும் உண்டு. அப்படியான நாட்களில், அன்றைக்குப் பிள்ளை அவளை நேற்றையான் அம்மா என்று சொல்லவில்லை என்ற ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.