வக்கீல் வீட்டுக் கூடம்

புருஷன் துளசிங்கம் பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறிய மறுநாள் காலை, பங்காரு அவன் சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கே.ஜி.கண்டிகையில் அவன் கட்டிக்கொண்டிருந்த நெல் கிடங்கு பாதியில் நின்றிருந்தது. சுண்ணாம்பு அரைக்கும் சித்தாளாகச் சின்ன வயதிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். மேஸ்திரியைக் கட்டிக்கொண்ட பிறகும் கூடையை இறக்கிவைத்ததில்லை.

"வேலை நிக்காது," என்று ஆள்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். "என் பேச்சைக் கேக்கறவங்க இருங்க. முடியாதுன்றவங்க இப்பவே போய்டுங்க, பாதியில போவாதீங்க."

சிலர் போனார்கள். மூத்த கொத்தனார் சிங்காரம் போகவில்லை. அவர் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். கிடங்கு முடிந்தது, அடுத்து ஒரு மாட்டுக்கொட்டகை, அதற்கடுத்து கனகம்மாசத்திரத்தில் வரிசையாகக் கடைகள். யுத்தம் முடிவதற்குள் திருத்தணிப் பக்கத்தில் "பங்காரு மேஸ்திரி" என்றால் யார் என்று கேட்க ஆளில்லை என்றாகிவிட்டது.

நாற்பத்தாறாம் வருஷம் தைமாதத்தில் தேவகியம்மா ஆளனுப்பினார். மெட்ராஸில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வக்கீல். மலையடிவாரத்தில், அரக்கோணம் சாலையை ஒட்டி, பெரிய வீடு கட்டியவர். மெட்ராஸிலிருந்து ஒரு கட்டடக்கலைஞரை வரவழைத்து வரைபடம் போடச் சொன்னார். அந்த மனிதர் ஒரு கோடைக்காலம் முழுக்க ஊரில் தங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, சாயங்கால வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டாராம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத நீண்ட கூடம்; அதன் ஒரு முனை அரைவட்டமாக வளைந்து, ஜன்னல் ஜன்னலாக மலையைப் பார்த்திருக்கும். சுவரின் உச்சியில் சின்னச் சின்ன வட்டத் துவாரங்கள். சூடு அந்த வழியாக மேலேறிப் போய்விடும். சித்திரை வெயிலிலும் கூடத்துத் தரை ஜில்லென்றிருக்கும்.

யுத்த காலத்தில் சர்க்கார் அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. விமானம் வருகிறதா என்று பார்க்க மொட்டைமாடியில் மணல்மூட்டைகளை அடுக்கிக் காவல் வைத்தார்கள். மழைக்கு மழை மணல் நனைந்து கனத்தது, தளம் ஒழுகியது, தேக்கு உத்தரங்கள் சுவரில் உட்கார்ந்த இடத்தில் மக்கிப்போயின. வீடு திரும்பக் கைக்கு வந்தபோது கூடத்தின் கூரையில் பாதி தரையில் கிடந்தது.

"மெட்ராஸ் காண்ட்ராக்டர் ஒருத்தர் வந்து பார்த்தார்," என்றார் தேவகியம்மா. "இடிச்சிட்டுத் தகரம் போடலாம், இல்லன்னா நடுவுல தூண் நிறுத்தலாம்னு சொல்றார். அப்பா இருந்திருந்தா ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார். உன்னால முடியுமா பங்காரு?"

பங்காரு சுவரைத் தட்டிப் பார்த்தாள். இடிபாட்டின் மேல் ஏறி நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"சுவர் கல்லு மாதிரி கீதும்மா. கூரைதான் இல்ல. முடியும்."

"தூண் இல்லாமலா?"

"ஆங். தூண் இல்லாமத்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, அவ்வளவு நீளத் தேக்கு அப்போது எந்த மரவாடியிலும் இல்லை. யுத்தம் எல்லா மரத்தையும் தின்றுவிட்டிருந்தது. உறவினர் கல்யாணத்துக்குப் போய்விட்டு மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் அவள் கண் மேலே போனது. பிளாட்பாரத்துக் கொட்டகையைத் தாங்கி நின்றவை எல்லாம் பழைய தண்டவாளங்கள். எஞ்சினையே தாங்கிய இரும்பு! ரயில் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கூட வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள்.

அரக்கோணத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த நஜீர் அகமதிடம் போனாள். "கழிச்சுப்போட்ட தண்டவாளமா? ஏலத்துல எடுத்தது கிடக்குது," என்றார் அவர். "ஆனா துருப்பிடிச்சது, வளைஞ்சது எல்லாம் கலந்திருக்கும். நீங்களே பொறுக்கிக்கங்க மேஸ்திரியம்மா." அவள் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டுப் பொறுக்கினாள். மாட்டுவண்டிகளில் அவை திருத்தணிக்கு வந்து இறங்கியபோது தேவகியம்மாவின் முகம் வாடியது.

"என் அப்பா வீட்டுக் கூடம் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆயிடுமே!"

"ஆவாதும்மா. பழைய உத்தரத்துல முனைதான் மக்கிச்சு, நடுமரம் நல்லாத்தான் கீது. அதைப் பலகையா அறுத்து இரும்பைச் சுத்தி அடிச்சிட்டா, கீழ இருந்து பாக்கறவங்களுக்கு அதே உத்தரம்தான். அதுல செதுக்கின பூவேலையும் அப்படியே இருக்கும்."

தேவகியம்மா குனிந்து, தரையில் கிடந்த உத்தரத்தின் பூவேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

தூக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மரம் என்றால் கயிறு கட்டித் தோள் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இரும்பு அப்படி வரவில்லை. முதல் தண்டவாளம் பாதி உயரத்தில் நழுவி, சிங்காரத்தின் காலருகே விழுந்து தரையைப் பிளந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள் பங்காரு. வாசலில் தகரப்பெட்டியின் மேல் துளசிங்கம் உட்கார்ந்திருந்தான்.

கறுத்து இளைத்திருந்தான். அவள் அழுதாள், அவனும் அழுதான். சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்: "நாளையிலிருந்து நான் பாத்துக்கறேன். நீ வூட்ல இரு."

"வேலைக்கு வா பாவா. ஆனா இந்த வேலையை ஒத்துக்கினது நான். முடியற வரைக்கும் நான்தான் மேஸ்திரி."

"அப்ப நான் இன்னா, உன் கையாளா?"

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். இத்தனை வருஷம் காத்திருந்த மனிதன் வந்திறங்கிய அன்றே இப்படியாகிவிட்டதே என்றிருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தூண் இல்லாமல் முடியும் என்று சொன்ன வாய் அவளுடையது.

அவன் சில நாள் வேலைப்பக்கம் வரவேயில்லை. மலைப்படி ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஆள்கள் வந்து சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். ஒருநாள் காலை, இரண்டாவது தண்டவாளம் கயிற்றில் சுழன்று ஆடிக்கொண்டிருந்தபோது, வெளிக்கதவருகே ஒரு சத்தம்.

"நிறுத்துங்கடா! எறக்குங்க, எறக்குங்க!"

துளசிங்கம் ஓடிவந்தான். பட்டாளத்தில், அஸ்ஸாம் மலைகளில் அவன் செய்ததெல்லாம் பாலம் போடும் வேலை. இதைவிடக் கனத்த இரும்பை ஆற்றுக்கு மேலே ஏற்றியவன். மூன்று சவுக்கு மரத்தை முக்காலியாக நடச் சொன்னான், உச்சியில் கப்பி கட்டச் சொன்னான், பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு வேண்டும் என்றான். ஆள்கள் நகரவில்லை. எல்லோரும் பங்காருவைப் பார்த்தார்கள். அவனும் திரும்பி அவளைப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது.

"அவர் சொல்ற மாதிரியே தூக்குங்க," என்றாள் பங்காரு. "எங்க உக்காரணும்னு நான் சொல்றேன்."

மத்தியானத்துக்குள் தண்டவாளம் சுவர் மட்டத்துக்கு ஏறிவிட்டது. அங்கே மறுபடி சண்டை. செங்கல் மேலேயே வைத்துவிடலாம் என்றான் அவன். கருங்கல் பலகை போட்டு அதன்மேல்தான் வைக்கணும், இல்லாவிட்டால் பாரம் ஒரே இடத்தில் இறங்கிச் சுவரைக் கிழிக்கும் என்றாள் அவள். இரும்பு அந்தரத்தில் தொங்க, இருவரும் சாரத்தின் மேல் நின்று கத்திக்கொண்டார்கள். கடைசியில் அவன், "சரி, கல்லைக் கொண்டா," என்றான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. குறுக்கே மரச்சட்டங்கள் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் கோர்த்தார்கள். கடைசியில் செங்கல் ஜல்லி கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டினார்கள். பங்காருவும் அவர்களோடு உட்கார்ந்து தட்டினாள். ஆடிக்கிருத்திகைக் காவடிகள் சாலையில் போகும்போது கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மேளத்தின் தாளத்துக்குத் தளத்தில் கட்டைகள் விழுந்தன. சுவர் உச்சியின் வட்டத் துவாரங்களில் புறா வரும், அடைத்துவிடலாமா என்று யாரோ ஒருவர் கேட்டபோது பங்காரு அனுமதிக்கவில்லை; கம்பி வலை மட்டும் வைத்தாள்.

ஒருநாள் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றி ஏதோ கேட்க தேவகியம்மா துளசிங்கத்திடம் வந்தார். புருஷன் வந்துவிட்டான், இனி அவன்தானே மேஸ்திரி என்று நினைத்திருப்பார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அதை மேஸ்திரிகிட்ட கேளுங்கம்மா. நான் தூக்கறதுக்குத்தான்."

சொன்னபோது அவன் குரலில் கொஞ்சம் கசப்பு இருந்தது. சாரத்தில் நின்ற பங்காருவுக்கு அது கேட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கடைத்தெருவில் நின்று அவனுக்குப் பிடித்த மசால்வடை வாங்கினாள். நடந்துகொண்டே தின்றார்கள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. தேவகியம்மா கூடத்தின் வளைந்த முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே பார்த்தபடியே இருந்தாராம். ஒரு சொட்டு விழவில்லை. மழை விட்டதும் ஜன்னல்களைத் திறந்தார். மலைக்காற்று கூடத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பங்காருவையும் துளசிங்கத்தையும் கூப்பிட்டனுப்பி, அதே கூடத்தில் இலை போட்டுத் தன் கையாலேயே பரிமாறினார்.

பிறகு அந்தப் பக்கத்தில் யாருக்காவது பெரிய கூரை போட வேண்டுமென்றால் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் யார் சொல்வது சட்டம் என்பது கடைசிவரை தீரவில்லை. நாற்பத்தொன்பதில் சோளிங்கர் பக்கம் ஒரு சத்திர வேலைக்கு மாட்டுவண்டியில் போனபோதும், சாரத்துக்குச் சவுக்கா மூங்கிலா என்று வழி நெடுக இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் சிங்காரம் கூடைகளின் மேல் சாய்ந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.