முனவர் பேகத்தின் கைக்காரம்

முனவர் பேகத்தின் புருஷன் அக்பர் பாஷாவுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது எண்பத்து மூன்றில். ஓசூரில் ஒரு லேத் கம்பெனியில் மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வேலை. வயிறு காலியானால் வலி பிடித்துக்கொள்ளும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிப் பிறகு மறுபடி தலையெடுக்கும்.

டாக்டர் பாஸ்கரன் குடல் புண் என்றார். "காரத்தை அடியோட விட்டுடணும். கோபம், கவலை ஆகாது."

அன்றிலிருந்து ஓசூரை அடுத்த அவர்களுடைய பாகலூர் வீட்டில் மிளகாய் நுழையவில்லை. மோர்ச்சோறு, பால், கஞ்சி. வீட்டுக் கஷ்டம் எதையும் அவன் காதுக்குக் கொண்டுபோகாமல் முனவரே விழுங்கிக்கொண்டாள். அப்படியும் வலி போகவில்லை. மாத்திரை தின்றால் ஒரு மாதம் நன்றாக இருப்பான். நிறுத்தினால் பழைய கதைதான்.

எண்பத்தெட்டு பங்குனியில் மெஷின் பக்கத்திலேயே காபித்தூள் நிறத்தில் ரத்த வாந்தி எடுத்தான். கம்பெனி வேனில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அத்திப்பள்ளி தாண்டும்போது உயிர் பிரிந்தது.

மய்யித்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வேப்பனப்பள்ளியிலிருந்து அவனுடைய அக்கா காத்தூன் வந்தாள். தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் சொன்னாள்: "இவ கைக்காரம்தான் என் தம்பி குடலை அறுத்துடுச்சு."

முனவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அவள் வைத்த மிளகாய்க் குழம்பை அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றது உண்மைதானே. காத்தூன் சொன்னது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. துணி தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். பெருநாளுக்குப் பெருநாள் நாத்தனார் வீட்டுக்குப் போய் சலாம் சொல்லி வருவாள். அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

தொண்ணூற்றேழில் அவளுக்கே அந்த வலி வந்தது. அதே பாஸ்கரன், தலை நரைத்திருந்தது, வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்.

"புண்ணுதான்மா. பயப்படாதீங்க. ரெண்டு வாரம் மாத்திரை. ஆறிடும்."

"நான் காரமே தொடறதில்லீங்களே சார், பதினாலு வருஷமா."

"காரம் எரிச்சலைத்தான் கூட்டும். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி. ஆஸ்திரேலியாவில கண்டுபிடிச்சாங்க. யாரும் நம்பலைன்னு ஒரு டாக்டர் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டுக் காட்டினார். பெரிய விருதெல்லாம் குடுத்திருக்காங்க."

"எப்பங்க கண்டுபிடிச்சது?"

"ஆகுது, ஒரு பதினஞ்சு வருஷம்." சொன்ன பிறகுதான் அவருக்கு அக்பர் பாஷா நினைவு வந்திருக்க வேண்டும். சீட்டில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "எங்களுக்கே தெரிஞ்சு நம்பிக்கை வர நாளாச்சும்மா. நானும் அப்ப மிளகாயை விடச் சொல்லித்தான் அனுப்பினேன்."

முனவருக்கு ஒரு மாங்காய்க் காலம் ஞாபகம் வந்தது. மாங்காய்க் கீற்றுக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், ஒரே சிட்டிகை என்று அக்பர் குழந்தை மாதிரி கேட்டான். கையிலிருந்த கீற்றையும் பிடுங்கி வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டு நனைய அழுதாள்.

வலி விட்டதும் வேப்பனப்பள்ளிக்குப் பஸ் ஏறினாள். ஒன்பது வருஷப் பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

காத்தூன் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வலிக்குது முனவரு. அவன் போன மறு வருஷத்திலிருந்து."

"என்னாக்கா சொல்ற? இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"என்னான்னு சொல்றது? நான் உன் கையால நாலு நாள்கூடச் சாப்பிட்டதில்லை. எனக்கும் அதே வலின்னா, அன்னிக்கு உன்னைச் சொன்னது பொய்னு ஆயிடும். தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டேன்."

முனவர் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். எதிரில் இருந்தவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. பெருநாள்தோறும் பார்த்தும் இதைத் தான் கவனிக்காமல் போனதை நினைத்தாள்.

"செவ்வாக்கிழமை டாக்டரு இருப்பாரு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வா அக்கா, டியூப் விட்டுப் பார்க்கணும்," என்றாள்.