ஒரு சஹனில் ஆறாவது ஆள்

ஐம்பத்து மூன்று வயதில், சம்பந்தி வீட்டுக்கென்று மனைவி செய்து வைத்திருந்த வட்டிலப்பத்தை முழுதாகத் தின்றுவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்டவன் நான். வட்டிலப்பம் இருந்தது குளிர்சாதனப் பெட்டிக்குள்.

"ஓம், நல்ல ஒழுக்கமான பூன," என்றாள் றமீஸா. "கரண்டியையும் கழுவி வெச்சிட்டுப் பெய்த்திருக்கி."

அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை எழுதிப் பெயரெடுத்த நானும் சிரிக்கவில்லை. கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஈமான்கொண்ட என் உறவுகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உபகாரமொன்றைச் சொல்ல வந்து வட்டிலப்பத்தில் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இறங்கியிருந்த பள்ளம் எவ்வளவு ஆழமென்று தெரியாவிட்டால், என்னைத் தூக்கிவிட்டவனின் கருணையும் தெரியாது.

ஜௌபர் என் நண்பன். ஒரே வகுப்பில் படித்தோம். அன்றிலிருந்து பின்னேர அஸர் தொழுதுவிட்டு இருவரும் கடற்கரைக்கு நடப்போம். அவன் வெளியூரில் வேலை பார்த்த காலம் போக, முப்பத்தேழு வருடப் பழக்கம். அவன் கணித ஆசிரியன், அளந்து பேசுவான். அளக்காமல் பேசுவது என் பொறுப்பு.

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு அவன் அதிபராகப் பதவி உயர்வு பெற்றான். பழைய பாடசாலையில் பிரியாவிடை. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சபை சிரிக்கத் தொடங்கியது. சிரிப்பு ஏற ஏற எனக்கும் ஏறியது. அவன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வயதில் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் முதல் நியமனம். பின்னேரமானால் பஸ் நிலையத்துக்குப் போய், ஊருக்குப் போகும் கல்முனை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்று உம்மாவை நினைத்து அழுவானாம். அதை நடித்தே காட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. ஜௌபரும் சிரித்தான். உதட்டால்.

கதை அவனுக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. மறுவாரம் அவன் புதிய பாடசாலை நடைபாதையில் நடந்தபோது, பின்னாலிருந்து யாரோ பஸ் நடத்துநர் குரலில், "கல்முன, கல்முன!" என்று கூவியிருக்கிறார்கள். அது தினமும் நடந்தது. எனக்கும் செய்தி வந்தது. "பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதவன்" என்று நான் சொன்னதும் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

பள்ளிவாசலில் சலாம் சொன்னால் பதில் சொல்வான். கடமையல்லவா? கடமைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஓர் எழுத்துக் கூடாது. தோளோடு தோள் நின்று தொழுதவன் இரண்டு மின்விசிறி தள்ளி நின்றான்.

அஸருக்குப் பின்னான அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசினிக்குப் போனேன். பணிஸ், பிஸ்கட், மத்தியானத்துக் கறிச்சட்டியின் அடி. பசி இல்லை. வாய் மட்டும் நிற்கவில்லை. தின்று முடிந்ததும் என்மேலே அருவருப்பு. அந்த அருவருப்புக்கு மருந்தாக இன்னொரு பணிஸ். புத்தகம் திறந்தால் எழுத்து ஓடவில்லை. எழுத உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. சட்டைகள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன. தூங்கப் போகையில், விடியாவிட்டால் என்ன என்று தோன்றும். அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

றமீஸாதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மனநலப் பிரிவில் காரைதீவுப் பக்கத்து டொக்டரம்மா.

"ஐயா, பசிச்சா சாப்பிடுறீங்களா, கவலை வந்தா சாப்பிடுறீங்களா?"

"ரெண்டும் ஒரே பஸ்ஸில தான் வருது, டொக்டர்."

அவர் சிரிக்காமல் எழுதினார். "எத்தனை மணிக்கு வருது?"

"அஸருக்குப் பொறகு."

"அந்த நேரத்தில முந்தி என்ன செய்வீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. றமீஸா முந்தானையை நீட்டினாள்.

இரண்டு வாரத்துக்கொருமுறை வரச் சொன்னார். போனேன், இன்றும் போகிறேன். அதுவும் அல்லாஹ் தந்த வழிதான்.

அன்று அஸரில், சுஜூதில் நெற்றி தரையில் இருக்க, முதல்முறை உண்மையாகக் கேட்டேன். அதுவரை வயிறு குறையத்தான் துஆ. "யா அல்லாஹ், இவ்வளவு பேசின வாய்க்கு ஒரு மன்னிப்புக் கேட்க வருகுதில்லை. எழுந்து ஓட முடியாத ஓர் இடத்தில் என்னை அவனுக்குப் பக்கத்தில் உட்காரவை. மிச்சத்தை நீ பார்த்துக்கொள்."

நாற்பது நாளுக்குமேல் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இடையில் பிஸ்கட்டும் தின்றேன். ஆனாலும் கேட்பதை விடவில்லை.

மருதமுனையில் ஒரு கலியாணம். றமீஸா பெண்கள் பக்கம் போய்விட்டாள். எங்கள் ஊர்களில் விருந்தென்றால் சஹன்: ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேர் சேராமல் மூடி திறக்காது.

"இஞ்ச ஓராள் குறையிது! தனிய வந்த ஆக்கள் ஆரு?" என்று பந்தி பார்ப்பவர் கத்தினார்.

என் கை உயர்ந்தது. சாப்பாட்டு விஷயத்தில் அது என்னைக் கேட்பதில்லை. அவர் என்னை இழுத்துப்போய் உட்கார வைத்தார். பக்கத்தில் ஜௌபர்.

அவன் எழும்பப் பார்த்தான். "எங்க போற மாஸ்டர்? சோறு ஆறுது!" என்றார் எதிரில் இருந்தவர். எழும்பினால் மற்ற நால்வரும் பட்டினி. அவன் அமர்ந்தான். மூடி திறந்தது. பிஸ்மில்லாஹ்.

எந்தச் சஹனிலும் கோழியைப் பிய்த்துப் பங்கிடுவது ஜௌபர்தான், கணக்கு வாத்தியார். அன்றும் பங்கிட்டான். எனக்குப் பிடிக்குமென்று ஈரலை என் பக்கம் தள்ளுவது அவன் வழக்கம். அன்றும், முகம் சுவரைப் பார்த்திருக்க, அவன் விரல்கள் ஒரேயொரு ஈரல் துண்டை என் சோற்றின்மேல் கொண்டுவந்து வைத்தன. வைத்த பிறகுதான் கோபம் ஞாபகம் வந்தது போலும். கை அந்தரத்தில் நின்றது. அடுத்தவர் பங்கில் வைத்ததைத் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மாதக்கணக்கில் எதையும் விடாத எனக்கு அந்த ஒரு துண்டு இறங்கவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது.

"ஒறைக்குதா காக்கா? தண்ணி குடிங்க," என்றார் எதிரில் இருந்தவர்.

"ஜௌபர்," என்றேன். "நான் அண்டைக்குச் செஞ்சது பகிடியில்ல மச்சான். துரோகம். மாப்புத் தா."

நாலு பேரும் தலையைக் குனிந்து மிக அக்கறையாகச் சாப்பிட்டார்கள்.

"சோத்தத் தின்னு," என்றான் ஜௌபர். "பொறகு கதைப்பம்."

வெளியே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் கதைத்தோம். "சனம் சிரிச்சது பரவால்லடா," என்றான். "அதுக்குப் பொறகு எனக்கொரு கவல வந்தா ஆருட்டச் சொல்லுற? சொல்லுறதுக்கு இருந்ததும் நீதானே."

அடுத்த வாரம் அவன் பாடசாலையின் காலைக் கூட்டத்தில், நானாகவே அனுமதி கேட்டு வாங்கி, பிள்ளைகள் முன்னால் என் தவறைச் சொன்னேன். நடத்துநர் குரல் ஓய்ந்தது. அஸருக்குப் பின் மறுபடி கடற்கரை. வயிறு குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். சட்டைகள் இன்னும் சமாதானத்துக்கு வரவில்லை. சில நாட்களில் கை பணிஸுக்கு நீளும். அப்போது அவனுக்கு அழைப்பெடுப்பேன். அடுத்தவர் கண்ணீரை மேடையேற்றுவதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன். இதைக்கூட அவன் வாசித்துச் சம்மதித்த பிறகுதான் உங்களுக்குத் தருகிறேன்.

உங்களில் யாராவது அந்தப் பள்ளத்தில் இருந்தால், அல்லாஹ்விடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவன் பதில் எந்தக் கை வழியாக வருமென்று நமக்குத் தெரியாது. எனக்கு என் நண்பனின் எண்ணெய் படிந்த மூன்று விரல்கள் வழியாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜௌபர் கடற்கரையில் அமர்ந்து இதை முழுதாக வாசித்தான். தாள்களை மடித்துக் கையில் தந்தான்.

"எல்லாம் சரி மச்சான். ஆனா அண்டைக்கு, ஈரல் எனக்கு வாணாமெண்டு டொக்டர் சொல்லி ரெண்டு மாசம். வலது பக்கத்தில ஆரு இருந்திருந்தாலும் அவருக்குத்தான் தள்ளியிருப்பன்."