ட்வீட்டர் வயரும் இந்த வருஷத்து மெட்டல் ஆல்பங்களும்

ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவன், சரிசெய்த பெட்டியில் எதையாவது போட்டுக் கேட்டுத்தான் ஆகவேண்டும். சங்கரன்கோவிலில் என் கடையில் ஓடுவது ராக், மெட்டல் இசை. புது ஆல்பம் தேறுமா தேறாதா என்பது முதல் தடவையிலேயே தனக்குத் தெரிந்துவிடும் என்று என் நண்பன் யூசுப் சொல்வதை நான் பல வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே நம்பியும் இருக்கிறேன். அவன் கடையநல்லூர்க்காரன், ஷார்ஜாவில் வேலை. ஆல்பம் வெளிவந்த அன்றே அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். அதன் பிறகு நான் கேட்டு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதுவேன். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே மெட்டல் கேட்கிற உங்களைப் போன்றவர்கள்தான் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

அந்த நாலு வரி என்னுடையதா, அவனுடையதா? இந்த வருஷம் ஒரு முடிவெடுத்தேன். முதலில் என் காது. நான் எழுதி முடித்த பிறகுதான் யூசுப்பின் மெசேஜைத் திறப்பது.

பாடகர் குழுப் பெட்டி

சர்ச் பாடகர் குழுவின் பெட்டிக்குப் புதுக் கம்பிச்சுருள் போட்டு, அமெரிக்கக் குழு ஒன்றின் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். முதல் மூன்று பாட்டும் ஒரே உறுமல். 'வெறும் இரைச்சல், ஏற்ற இறக்கமே இல்லை' என்று போனில் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பெட்டியை வாங்க வந்த புஷ்பம் டீச்சர், பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவர். காதைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலாவது பாட்டு பாதியைத் தாண்டியபோது, "மூச்சு முட்டுது இவருக்கு. இப்ப இறங்குவாரு பாருங்க" என்றார். சொல்லி முடிக்கவும் எல்லாம் அடங்கி, ஒற்றை கிட்டாரோடு அந்த ஆள் மெதுவாகப் பாடினான். அடித்ததை எல்லாம் அழித்தேன். டீச்சர் பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "நீங்க கேக்கல தம்பி, எழுதுதீங்க."

சாக்குப் பையில் கட்டிய டிரம்ஸ்

அடுத்து ஸ்வீடன் குழு ஒன்று. மெதுவான, கனமான மெட்டல். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடும் முருகையாவின் பெட்டியைச் சரிசெய்து, அதில் இரண்டு தடவை கேட்டேன். துணிந்து குழுவில் எழுதினேன்: 'டிரம்ஸைச் சாக்குப் பையில் கட்டி அடித்திருக்கிறார்கள். சிம்பல் தட்டுச் சத்தமே இல்லை.' நானே கேட்டு நானே எழுதியது. அன்று மத்தியானம் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

அதன் பிறகுதான் யூசுப்பின் மெசேஜைத் திறந்தேன். இந்தத் தடவை என் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தான்: "கரெக்டாச் சொன்ன மக்கா. நானும் நல்ல ஹெட்போன்ல கேட்டேன், சிம்பலே இல்ல." இரண்டு காதும் ஒன்றுபோலச் சொல்கிறதே என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் முருகையா வந்து பெட்டியைப் போட்டுக் கேட்டார். முகம் சுளித்தார். பின்பலகையைக் கழற்றினால், ட்வீட்டருக்குப் போகிற வயர் அந்தரத்தில் தொங்குகிறது. பற்ற வைக்க மறந்திருக்கிறேன். கீச்சொலி முழுக்க அந்த ட்வீட்டர் வழியாகத்தான் வரவேண்டும். பற்ற வைத்து அதே பாட்டைப் போட்டேன். சிம்பல் மழைபோலக் கொட்டியது. முருகையா பின்பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி, வெள்ளக்காரன் ஒழுங்காத்தான் அடிச்சிருக்கான்."

திருத்தம்

வயரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, தவறு என்னுடையது என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. சாயங்காலம் குருவிகுளத்திலிருந்து இசக்கி கூப்பிட்டான். அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன், குழுவில் ஒருவன். "இப்பதாம்ணே கேட்டேன், அருமையா இருக்கு. நீங்க சொன்னீங்களேன்னு தொடாமலே விட்டுட்டேன்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்னும் எத்தனை ஆல்பங்களை இப்படி அவன் தொடாமல் விட்டிருப்பான்? என் வயர் தொங்கியது, எனக்குக் கேட்கவில்லை, சரி. ஷார்ஜாவில், நல்ல ஹெட்போனில், யூசுப்புக்கு ஏன் கேட்கவில்லை? அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். அந்தப் பதிலை நான் பல வருஷமாக எனக்கு நானே சொல்லாமல் தள்ளிப்போட்டிருக்கிறேன். என் பழைய நாலு வரிகளும் அதோடு சேர்ந்து போய்விடுமே.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சுகம் விசாரித்தான். அடுத்து வந்திருக்கிற ஆல்பத்தைப் பற்றி ஆரம்பித்தான். இடைமறித்தேன்.

"யூசுப்பு, நெசத்தச் சொல்லு. இத்தன வருசத்துல நீ ஒரு ஆல்பத்தையாவது முழுசாக் கேட்டிருக்கியாலே?"