எடுக்க முடியாத பெயர்

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் நான் அண்ணை என்று கூப்பிடும் ஒருவரும் நானும் படிப்பித்தோம். அவர் என்னைவிட மூத்தவர், மண்டைதீவுக்காரர். நான் காரைநகர். திரையில் தமிழைக் காட்ட எங்களிடம் வழியில்லாத அந்தக் காலத்தில், அண்ணை ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒன்றும் பூச்சியமுமாக ஒரு கோப்பில் எழுதி முடித்திருந்தார். யார் கேட்டாலும் சும்மா கொடுத்தார்.

சும்மா கொடுப்பது எனக்குப் பிடித்தது. பெயரில்லாமல் கொடுப்பதுதான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் கலியாண வீட்டுக்கு இரவல் போகும் சமையல் கிடாரத்தில்கூடப் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். அதே புத்தியில், கோப்பின் தலையில் ஆங்கில எழுத்தில் அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். கீழே ஒரு நிபந்தனையும் போட்டேன்: யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், இந்த வரிகளை மட்டும் நீக்கக் கூடாது.

“உது என்னத்துக்கு?” என்று அண்ணை சிரித்தார்.

“உங்கட உழைப்பை வேறை ஆரும் தங்கட எண்டு சொல்லேலாது.”

அந்த ஒரு கோப்பை வைத்துப் பலர் புரோகிராம் எழுதினார்கள். பரீட்சைப் புள்ளிப் பட்டியலுக்கு ஒன்று, கலியாணக் கடிதத்துக்கு ஒன்று. யாராவது பெயரை நீக்கியிருந்தால் சண்டை பிடித்துத் திரும்பப் போடவைத்தேன். பெரிய நீதிமான் என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தக் கோப்பை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பையைத் திறந்தார்கள். தாள் முழுக்க ஒன்றும் பூச்சியமும். மேலே ஒரு மனிதனின் பெயரும் ஊரும். இரகசியச் செய்தி என்று முடிவுகட்டினார்கள். ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை, விலாசம் நான் எழுதிக் கொடுத்ததுதானே. அன்று பின்னேரமே அண்ணையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலியில் போன ஓணானை அவர் மடியில் கட்டிவிட்டது நான்.

சில கிழமைகளில் விட்டார்கள். பார்க்கப் போனேன். வலது கை விரல்களில் கட்டு. இடது கையால் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

“என்ர பிழை அண்ணை” என்றேன். இல்லை என்று சொல்வார் என உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

“என்ர பேரை எடுத்துவிடும். எல்லாத்திலையும்.”

ஓம் என்றேன். வகுப்பிலிருந்த பிளாப்பிகளில் எல்லாம் அழித்தேன். தெரிந்தவர்களின் வீடு வீடாகப் போய் அழித்தேன். ஆனால் வாங்கியவர்கள் பிறருக்கும் கொடுத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த பழைய மாணவன் ஒருவனிடம் விசாரித்தேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல், அவன் முகம் மலர்ந்து சொன்னான்:

“யோசியாதேங்கோ சேர். நீங்கள் சொன்னமாதிரியே அண்ணையின்ர பேரை ஒருத்தரும் எடுக்கேல்லை. வெளிநாடு போற ஆக்களுக்கும் அதோடைதான் குடுத்துவிடுறம்.”